போன கரண்ட் திரும்பி வரணும், தம்பி!

பி.காம். படித்தவனுக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். லெட்ஜர், ஜர்னல், பேங்க் ரிகன்சிலியேஷன் எதிலும் டிராக்டர் குறுக்கே வராது. அதிகபட்சம் டிப்ரிசியேஷன் கணக்கில் ஓரமாக வந்து நின்று, வருஷத்துக்கு வருஷம் இளைத்து, கடைசியில் 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஒரே வரியில் காலமாகிவிடும்.

ஆனால், எங்க அக்கா வாக்கப்பட்ட ஊர் ரெட்டிபாளையம். அக்கா வீட்டில் ஒரு குட்டி டீசல் டிராக்டர் இருக்கிறது. அக்கா வீட்டில் ஒரு பொருள் மக்கர் பண்ணினால், தம்பிக்கு போன் வரும். தம்பி பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் நிச்சயம் வரும். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று தமிழ்நாட்டில் இன்னும் சில பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்க அக்கா வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ரெட்டிபாளையம் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். அரியலூர் பக்கம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஃபேக்டரி, ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும் லாரிகள். டைனோசர்கள் உலாவிய காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். இப்பவும் தோண்டினால் கல்லாகிப்போன நத்தையும் கிளிஞ்சலும் கிடைக்கும். எங்க மாமாவின் டூல்பாக்ஸைத் தோண்டினாலும் ஏறக்குறைய அதே காலத்துச் சாமான்கள் கிடைக்கும்.

மாவட்டத்துக்கே ஒரு லூஸ் கனெக்‌ஷன் சரித்திரம் உண்டு. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அதிலிருந்து பிரிந்து அரியலூர் மாவட்டம். 2002-ல் அரியலூர் மறுபடி பெரம்பலூரோடு ஐக்கியம். 2007-ல் மறுபடி தனி மாவட்டம். பட்டா வாங்கப் போனவர்கள் எந்த ஊர் பஸ் ஏறுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நின்ற காலம் அது. இந்த விட்டு விட்டு வரும் வியாதிதான் மாமாவின் டிராக்டருக்கும்!

வியாதி ஆரம்பித்தது ஆடி மாசம். சாவியைத் திருப்பினால் ஒரு நாள் 'கிர்ர்ர்' என்று எடுத்துவிடும். மறுநாள் சத்தமே இருக்காது. பொங்கல் பானை மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கும். நாலு தடவை திருப்பினால், அஞ்சாவது தடவை கிளம்பும். ஆவணியில் நாற்பது தடவை திருப்பினாலும் கிளம்பாது.

ஊரில் இதற்கென்றே ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. பேர் 'ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம்'. பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, செல்ஃப் மோட்டாரில் இருக்கும் இரண்டு டெர்மினலையும் சேர்த்து ஒரு தொடு. படக்கென்று ஒரு பொறி. இன்ஜின் ஸ்டார்ட்! சாவி, சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் 'ஓரமா நில்லுங்கப்பா' என்று சொல்லிவிட்டு நேரே மேலதிகாரியைப் பார்க்கிற டெக்னிக். அக்கா பையன், ஒன்பதாவது படிக்கிறவன், இதில் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்டான். ஸ்கூலுக்குப் போகிறதுக்கு முன்னால் யூனிஃபார்மோடு வந்து ஒரு தொடு தொட்டுவிட்டுப் போவான். அப்பாவுக்கு ஏகப் பெருமை.

இன்னொரு வைத்தியம், மேட்டில் நிறுத்துவது. ராத்திரி வரும்போதே கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில் ஏற்றி, உருண்டுவிடாமல் கியரில் போட்டு நிறுத்திவிட வேண்டும். காலையில் கியரை எடுக்காமல் கிளட்சை மிதித்து, பள்ளத்தில் உருளவிட்டு, கிளட்சை விட்டால் ஸ்டார்ட். இதற்காகவே அக்கா தன் வெங்காயப் பட்டறையை இடம் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு டிராக்டரின் சௌகரியத்துக்காக மொத்தக் குடும்பமும் மேடு பள்ளம் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தது.

புரட்டாசியில் அடுத்த கட்டம். இப்போது சத்தம் வந்தது. ஆனால், வேறு மாதிரி. 'டிக்... டிக்டிக்டிக்டிக்...' தந்தி ஆபீஸ் மாதிரி. ஸ்க்ரூ டிரைவர் வைத்தாலும் வெறும் பொறிதான். இன்ஜின் அசையவில்லை.

மாமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். எந்த ஊர், என்ன பேர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேட்டரி காலி" என்றார். புது பேட்டரி, 4,800 ரூபாய். ஒரு நாள் ஓடியது. அடுத்த நாள் மறுபடி தந்தி. "அப்ப செல்ஃப் மோட்டார் போயிருக்கும். ஒன்பதாயிரம் எடுத்து வைங்க. டைனமோவும் சந்தேகமா இருக்கு. அதுக்கு ஒரு ஏழாயிரம்..."

இந்த இடத்தில்தான் அக்கா எனக்கு போன் போட்டாள்.

"டேய், மழை பேஞ்சு மூணு நாள் ஆச்சு. நிலத்துல கால் வைக்கிற பதத்துக்கு வந்திருக்கு. இன்னும் மூணு நாலு நாள்ல காஞ்சிடும். விதை மூட்டை திண்ணையில கிடக்கு. வாடகைக்குக் கேட்டா எல்லா வண்டியும் அவனவன் காட்டுல ஓடுது. நீ வாயேன்."

விவசாயம் தெரியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்து மானாவாரிக் கருப்பு மண்ணுக்கு ரோஷம் ஜாஸ்தி. மழை பெய்த சூட்டில் இறங்கினால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. காய்ந்த பிறகு போனால் கலப்பை உள்ளே இறங்காது. நடுவில் சில நாள் ஒரு பதம் இருக்கும். அதில் உழுது மக்காச்சோளத்தைப் போட்டால் உண்டு. விட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். நம் ஆபீஸ் மாதிரி 'டியூ டேட் எக்ஸ்டென்ஷன்' எல்லாம் வானம் கொடுக்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் அரியலூர் போய் இறங்கினேன். வீட்டுக்குப் போனால், அக்கா கழுத்தில் செயின் இல்லை. கைக்குட்டையில் முடிந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் அடகுக் கடை திறந்ததும் போவதாக ஏற்பாடு. 'செல்ஃப் மோட்டார்' என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அது சுத்துவதற்கு அக்கா கழுத்துதான் தேவைப்படுகிறது.

"மாப்ள, நீ என்ன சொல்ற? மோட்டாரை மாத்திடலாமா?" என்றார் மாமா.

"பேட்டரி மாத்தி சரியாகலை. அது தப்புன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை. மோட்டார் தப்புன்னும் நிரூபிக்கலை. பணத்தை மட்டும் எழுதிட்டே போறோம். வவுச்சர் இல்லாம பேமென்ட் பாஸ் பண்ணக்கூடாது மாமா" என்றேன். காமர்ஸ் படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் கிடைத்தது.

காலையில் அடகுக் கடைக்குப் பதிலாக, அரியலூரில் செல்ஃப், டைனமோ வேலை பார்க்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். லாரிகளுக்கு வயரிங் பார்த்தே முடி நரைத்தவர். மொபெட்டில் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு மீட்டர், உப்புத்தாள், நாலு ஸ்பேனர், ஒரு டெஸ்ட் லேம்ப். டெஸ்ட் லேம்ப் என்றால் பெரிசாக நினைக்காதீர்கள். வண்டி இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டரோடு இரண்டு வயர், ஒன்றின் முனையில் கிளிப், இன்னொன்றின் முனையில் ஆணி. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி!

வந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "என்ன சத்தம் வருது?" என்றுதான் கேட்டார்.

"டிக்டிக்குன்னு வருதுங்க. ஆவணியில சத்தமே இல்லாம இருந்துச்சு" என்றார் மாமா.

"ரெண்டும் ஒரே வியாதி இல்லப்பா. சத்தமே இல்லைன்னா, சாவியிலருந்து மோட்டாருக்குப் போற சின்ன வயர் பக்கம் கோளாறு. பீஸ், சுவிட்ச், சாக்கெட்... இதுல ஒண்ணு. டிக்டிக்குன்னு அடிச்சா சின்ன வயர் பக்கம் வேலை செய்யுது, பெரிய கரண்ட் வரலைன்னு அர்த்தம். பேட்டரி காலியா இருக்கலாம். இல்ல, வழியில எங்கியோ மாட்டிக்கிட்டிருக்கலாம்."

மாமா பெட்டியிலிருந்து பீஸைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பீஸ் இல்லை. செம்புக் கம்பி முறுக்கிச் செருகியிருந்தது. பெரியவர் அதைப் பிடுங்கித் தூரப் போட்டார். "பீஸ் எதுக்குத் தெரியுமா? வயருக்குப் பதிலா அது சாகறதுக்கு. அதுக்குப் பதிலா கம்பியை வெச்சா, எங்கியாவது ஷார்ட் ஆனா மொத்த வயரிங்கும் கருகும். பக்கத்துல டீசல் டேங்க் வேற!"

பிறகு மீட்டரை எடுத்தார். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். 12.6. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி அப்படித்தான் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று கணக்கு. "இப்ப சாவியைத் திருப்பு" என்றார். டிக்டிக்டிக். மீட்டரில் 12-க்குக் கொஞ்சம் கீழே. "பேட்டரி நொந்துபோயிருந்தா இந்நேரம் 9, 8-ன்னு விழுந்திருக்கும். இது தாக்குப் பிடிக்குது. பேட்டரி மேல பழி இல்லை."

"ஆனா லைட்டெல்லாம் நல்லா எரியுதே, அப்பறம் ஏன் மோட்டார் மட்டும் சுத்தலை?" என்று கேட்டேன். ஆபீஸில் பைக் வைத்திருக்கிற எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான்.

அவர் ரோட்டைக் காட்டினார். "அந்தச் சந்துல சைக்கிள் போகும், மொபெட் போகும். சிமென்ட் லாரி போகுமா?"

பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரமாதமான உதாரணம். 55 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. செல்ஃப் மோட்டார் இழுப்பது 100 ஆம்பியருக்கும் மேலே. வழியில் ஒரு துருப்பிடித்த போல்ட், ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை பண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்கு கால் வோல்ட்தான் நஷ்டம், கண்ணுக்கே தெரியாது. மோட்டாருக்கு அதே இடத்தில் ஐந்து வோல்ட் நஷ்டம்! லைட் எரிவதை வைத்து பேட்டரியையோ கனெக்‌ஷனையோ பாஸ் பண்ணக்கூடாது என்பது இதனால்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார். இன்னொரு முனையை இன்ஜினின் வெறும் இரும்பில் வைத்தார். இரண்டும் ஒன்றுதானே, எர்த்தானே, அங்கே என்ன பார்க்கிறார் என்று மாமா முகத்தில் கேள்விக்குறி. "திருப்பு." டிக்டிக்டிக். மீட்டரில் ஆறு வோல்ட்!

"இங்க அரை வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. உன் பேட்டரியில பாதி இங்கதான் காணாமப்போகுது" என்றார் பெரியவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லாரும் பிளஸ் பக்கமே பார்ப்பானுங்க, தம்பி. பேட்டரியிலருந்து மோட்டாருக்கு எவ்வளவு போச்சுன்னு பார்ப்பானுங்க. போன கரண்ட் திரும்பி வரணும், தம்பி! வர்ற வழி அடைச்சா, போறதும் நின்னுடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எங்க சப்ஜெக்ட் அல்லவா! டெபிட் ஒன்று இருந்தால் கிரெடிட் ஒன்று இருந்தே தீரவேண்டும். இத்தாலியில் லூகா பாச்சியோலி என்கிற பாதிரியார் 1494-ல் புத்தகம் போட்டு எழுதிவைத்த இரட்டைப் பதிவுக் கணக்கு. 1845-ல் கிர்காஃப் என்கிற ஜெர்மன்காரர், காலேஜ் மாணவராக இருக்கும்போதே, மின்சாரத்துக்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஒரு சந்திப்புக்கு வருகிற கரண்டும், போகிற கரண்டும் சமம். ஒரு சுற்றில் பேட்டரி கொடுத்த வோல்ட் அத்தனையும் வழியில் எங்கே எங்கே செலவாகிறதோ, கூட்டினால் டாலி ஆகவேண்டும். பேட்டரி 12 கொடுக்கிறது. எர்த்தில் 6 போய்விட்டது. மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? இந்த டிரையல் பேலன்ஸைப் போடாமலே 4,800 ரூபாய் பாஸ் ஆகிவிட்டது!

பேட்டரி நெகட்டிவிலிருந்து டிராக்டர் பாடிக்கு ஒரு தடிமனான பட்டை வயர் போகிறது. அது முடிகிற போல்ட்டைப் பார்த்தோம். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்! பெரியவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

மாமா தலையைச் சொறிந்தார். "போன வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு பெயிண்ட் அடிச்சோங்க..."

அடித்தவர் எர்த் பட்டையைக் கழற்றி, பாடி முழுக்க அழகாகப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பெயிண்ட்டின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார். பெயிண்ட்டில் கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஒரு வருஷம் ஒப்பேற்றியிருக்கிறது. ஒரு வருஷத்துத் தண்ணீர், சேறு, சுண்ணாம்புத் தூசி. மரையும் துருப்பிடித்துவிட்டது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கண் திருஷ்டி கழித்து, அதே கையோடு கரண்ட்டுக்கு வழியும் அடைத்துவிட்டோம்.

சரி பண்ணிய விதத்தை அப்படியே சொல்கிறேன். உங்கள் பைக்குக்கும் காருக்கும் உதவும். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். "எப்பவும் நெகட்டிவ் முதல்ல கழட்டணும், கடைசியில மாட்டணும்." ஏனென்றால், பாடி முழுக்க நெகட்டிவ். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், தீபாவளி. நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த பயம் இல்லை. பீடி பற்றவைத்த மாமாவை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அது பீடியோடு சிநேகம் வைத்துக்கொள்ளாது.

பேட்டரி முனைகளில் லேசாகப் பூத்திருந்த வெள்ளைப் பொடியை, சமையல் சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவினார். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயிண்ட்டை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிறவரை தேய்த்தார். பட்டையின் காதையும் தேய்த்தார். பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கினார். எல்லாம் இறுக்கின பிறகு, மேலே வாசலின் தடவினார். முன்னால் அல்ல, பின்னால். காற்றும் ஈரமும் அண்டாமல் இருக்க.

நெகட்டிவை மாட்டியாயிற்று. அக்கா உட்பட எல்லோரும் வந்து நின்றோம். மாமா சாமி கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை!

டிக் கூட இல்லை. மாமா முகம் சுருங்கிவிட்டது. அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். கைக்குட்டை அங்கேதான் இருக்கிறது. பெரியவர் மட்டும் சிரித்தார். "இது ஆவணி வியாதி. போயிடுச்சுன்னு நினைச்சீங்களா? வந்து வந்து போகும்."

அதற்குள் அக்கா பையன் வழக்கம்போல ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே குனிந்துவிட்டான்.

"கையை எடுடா!"

அந்தச் சத்தத்தைப் பெரியவரிடமிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. பையன் வெலவெலத்துப்போய் எழுந்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் டிராக்டர் மேல் ஏறி, கியர் லிவரைத் தொட்டுப் பார்த்து, எல்லோரையும் பார்த்தார். வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. மேட்டில் நிறுத்தும்போது உருளாமல் இருக்க மாமா போட்ட கியர்.

யாருக்கும் சில விநாடி பேச்சு வரவில்லை.

அதுவரை எர்த் சரியில்லாததால் ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் வெறும் பொறியோடு போயிற்று. இப்போது எர்த் சரி. தொட்டிருந்தால் மோட்டார் முழுப் பலத்தோடு சுற்றியிருக்கும். டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆனால், அடுத்த கணம் வண்டி முன்னால் பாய்ந்திருக்கும். பையன் நின்ற இடம், பின் சக்கரத்துக்கு நேர் முன்னால்.

"கிளட்சை மிதிச்சாதான் செல்ஃப் அடிக்கும்னு கம்பெனிக்காரன் ஒரு சுவிட்ச் வெச்சிருக்கான்ல? எதுக்குன்னு நினைச்சீங்க? இதுக்குத்தான். ஸ்க்ரூ டிரைவர் வெச்சா அந்தச் சுவிட்சைத் தாண்டிப் போறே. கியர்ல இருக்கா, இல்லையான்னு வண்டிக்குத் தெரியாது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் லாரி செட்டுல பார்த்திருக்கேன், தம்பி. அதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்கவில்லை. டிராக்டர் ஓடுகிற தேசங்களிலெல்லாம் இந்த ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் ஆள்களைக் கொன்றிருக்கிறது. செல்ஃப் மோட்டார் பக்கத்தில் 'இங்கே ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்யாதே' என்று கம்பெனிகளே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். வினோதம் என்னவென்றால், செல்ஃப் ஸ்டார்ட் என்கிற சமாசாரமே மனுஷன் கை கால் தப்பிப்பதற்காக வந்தது. அதற்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ல் கேடிலாக் காரில் வந்தது. கையைக் காப்பாற்ற வந்த மெஷினிலேயே ஆளைக் கொடுப்பதா?

பெரியவர் கியரை நியூட்ரலில் போட்டார். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். பிறகு டெஸ்ட் லேம்ப்பைப் பையன் கையிலேயே கொடுத்தார். "இப்ப நீயே கண்டுபிடி. கிளிப்பை நெகட்டிவில மாட்டு. ஆணியை நான் சொல்ற இடத்துல வை."

சாவிக்கு உள்ளே வருகிற வயர்: பல்பு எரிந்தது. சாவியைத் திருப்பி, வெளியே போகிற வயர்: எரிந்தது. புதிதாகப் போட்ட பீஸின் இரண்டு பக்கமும் எரிந்தது. கிளட்ச் சுவிட்சுக்கு உள்ளே போகிற வயர்: எரிந்தது. கிளட்சை மிதித்துக்கொண்டு, சுவிட்சிலிருந்து வெளியே வருகிற வயர்: இருட்டு!

"கடைசியா எங்க எரிஞ்சுது? முதல்ல எங்க எரியலை? ரெண்டுக்கும் நடுவுலதான் திருடன்" என்றார் பெரியவர்.

கிளட்ச் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றினால், உள்ளே ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி, நெளிந்ததை நிமிர்த்தி, செருகினார். பல்பு எரிந்தது. அந்தப் பையன் முகமும்.

'கிர்ர்ர்' என்று ஒரே சுற்று. இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தார். 14.1. "பதிமூணே முக்காலுக்கும் பதினாலரைக்கும் நடுவுல இருந்தா டைனமோ நல்லா சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம்." ஆக, மோட்டாரும் நிரபராதி. டைனமோவும் நிரபராதி. 16,000 ரூபாய் கேஸ் தள்ளுபடி!

இன்னொரு விஷயம். இந்த மாதிரி சாதாரண டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்ட்டே வேண்டாம். ரூடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக்காட்டிய இன்ஜினிலிருந்து இன்றுவரை, காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைப்பதுதான் டெக்னிக். ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால்தான் மேட்டிலிருந்து உருட்டிவிட்டால் ஸ்டார்ட் ஆனது. ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் மாமாவுக்குக் கோளாறு தெரியவில்லை. நிறுத்தினால்தான் கோளாறு. மாமா கடைசி ஒரு மாசம் டீக்குக் கூட வண்டியை நிறுத்தாமல், டீசலைக் குடிக்கவிட்டு, தானும் டீ குடித்தார். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பெரியவர் எவ்வளவு கேட்டார் என்கிறீர்கள்? 300 ரூபாய். வாஷருக்கும் பீஸுக்கும் சேர்த்து 40. மாமா 500 கொடுத்தார். அவர் மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி உழுதாகிவிட்டது. மறுநாள் விதை. திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அக்கா கழுத்தில் செயின் இருந்தது. பழைய பேட்டரியைச் சார்ஜ் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது! ஆயுத பூஜைக்கு சீரியல் லைட் எரிய அது போதும் என்று மாமா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆபீஸ் நண்பர்களே, பைக்கில் செல்ஃப் 'டிக்' என்றதும் பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள். கடையில் ஒரு சாதாரண மீட்டர் இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குக் கிடைக்கும். முதலில் பேட்டரி முனைகளைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். பிறகு செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எவ்வளவு, எர்த்தில் எவ்வளவு என்று பாருங்கள். கணக்கு டாலி ஆகாத இடத்தில் கையை வையுங்கள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. இந்த வருஷம் பெயிண்ட் கிடையாது, கழுவிப் பொட்டு வைப்பது மட்டும்தான் என்று தீர்மானம். அக்கா போட்டோ அனுப்பியிருந்தாள். எர்த் போல்ட்டுக்குப் பக்கத்தில் பையன் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்: 'இங்கே பொட்டு வைக்கக் கூடாது.'

ஸ்க்ரூ டிரைவரை மாமா பூட்டி வைத்துவிட்டாராம். சாவி அக்காவிடம் இருக்கிறது.